‘ஹா-ஹா’ சுவர்: மாளிகையில் நின்றால் தெரியாது, மேய்ச்சல் நிலத்தில் நின்றால் தெரியும்

சிரம்பான் லோபாக்கிலிருந்து ரந்தாவ், லிங்கி பக்கம் காரில் போனால், வீடமைப்புப் பகுதிகள் முடிந்ததும் செம்பனை ஆரம்பித்துவிடும். அடுத்த தடவை அப்படிப் போகும்போது மரங்களை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களின் எல்லையில் பல இடங்களில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அங்கே சுவர் இருக்காது, முள்கம்பிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாடு தாண்டி வந்து கன்றைக் கடிக்காது. இரவில் வேன் ஒன்று உள்ளே புகுந்து பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது.

“அது வெறும் கான்தானே?” என்று நினைப்போம். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான் வேறு, எல்லைக்காக வெட்டிய பள்ளம் வேறு. இரண்டாவது வகை, பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும், வேலி செய்யும் வேலையை வேலி இல்லாமலேயே செய்கிறது.

இதே யோசனையை 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் பணக்காரர்கள் தங்கள் மாளிகைத் தோட்டங்களில் மிக நேர்த்தியாகச் செய்து வைத்தார்கள். அதன் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: ஹா-ஹா. உண்மையான பெயரே அதுதான். அகராதியிலும் உண்டு, அரசாங்கத்தின் பாரம்பரியச் சின்னப் பட்டியலிலும் உண்டு.

அந்தச் சுவர் எப்படி வேலை செய்கிறது? யாருக்காகக் கட்டப்பட்டது? எஸ்டேட்டில் பிறந்த தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளான நமக்கு அதில் என்ன இருக்கிறது?

ஹா-ஹா என்றால் என்ன?

ஒரு பெரிய மாளிகையைக் கற்பனை செய்யுங்கள். முன்னால் பச்சைப் புல்தரை. அது அப்படியே நீண்டு போய், தூரத்தில் ஆடுகள் மேயும் நிலத்தோடு கலந்துவிடுகிறது. நடுவில் வேலி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் ஓர் ஆடுகூட மாளிகைப் பக்கம் வந்து பூச்செடியைக் கடிப்பதில்லை. எப்படி?

ரகசியம் தரைக்குக் கீழே இருக்கிறது. மாளிகைப் பக்கத்துத் தரையைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தில் கல்லாலோ செங்கல்லாலோ சுவர் எழுப்புவார்கள். சுவரின் தலை புல்தரையின் மட்டத்திலேயே நின்றுவிடும். சுவருக்கு முன்னால் பள்ளம். பள்ளத்தின் மறுபக்கம் மட்டும் செங்குத்தாக இல்லாமல், மெதுவாகச் சரிந்து ஏறி மேய்ச்சல் நிலத்தோடு சேரும். ஆழம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இருப்பதும் உண்டு, இரண்டு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

ஆடோ மாடோ மேய்ச்சல் நிலத்திலிருந்து சரிவில் இறங்கி வரலாம். அடியில் வந்ததும் எதிரே சுவர் நிற்கும். ஏற முடியாது, திரும்பிப் போக வேண்டியதுதான். மாளிகையின் ஜன்னலில் நிற்பவருக்கோ சுவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அவருடைய பார்வை பள்ளத்தின் மேலேயே தாவிப் போய்விடும்.

இது புரியவில்லை என்றால் வீட்டுப் படிக்கட்டில் சோதித்துப் பார்க்கலாம். மேல்படியில் நின்று கீழே பாருங்கள். படிகளின் செங்குத்து முகம் தெரியவே தெரியாது, தட்டையான பரப்புகள் மட்டும் அடுக்கடுக்காகத் தெரியும். கீழே இறங்கி நின்று மேலே பாருங்கள். இப்போது செங்குத்து முகங்கள்தான் வரிசையாக உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். படிக்கட்டு மாறவில்லை, நிற்கும் இடம் மாறிவிட்டது.

ஹா-ஹாவின் முழுத் தந்திரமும் இவ்வளவுதான்.

கட்டுவது அவ்வளவு சுலபமா?

கேட்க எளிமையாக இருந்தாலும், இது ஒரு தாங்கு சுவர். ஒரு பக்கம் முழுக்க மண் அழுத்திக்கொண்டே இருக்கும், மறுபக்கம் வெறும் காற்று. சாதாரண மதில் சுவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மண்ணைவிடப் பெரிய எதிரி தண்ணீர். மழை பெய்தால் சுவருக்குப் பின்னால் உள்ள மண் ஊறிக் கனமாகும். அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லையென்றால் சுவர் முன்பக்கமாக வயிறு தள்ளும், பிறகு ஒருநாள் சரியும். அதனால்தான் தாங்கு சுவர்களில் ஆங்காங்கே சின்னத் துளைகள் விடுகிறார்கள். நம் ஊரில் மேட்டை வெட்டிக் கட்டிய வீடமைப்புப் பகுதிகளில், சுவரிலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் ஒன்றேதான்.

பள்ளத்தையும் சும்மா விட முடியாது. இலை விழும், மண் சரியும், ஆடுகள் சரிவை மிதித்து மிதித்துத் தேய்க்கும். சில வருடம் கவனிக்காமல் விட்டால் பள்ளம் மேடாகிவிடும், சுவர் பாதி புதைந்துவிடும், ஆடு ஒரே தாவில் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் மரம் வளர்ந்தால் வேர் சுவருக்குள் நுழையும். ஆக, “கண்ணுக்குத் தெரியாத” அந்தச் சுவருக்குப் பின்னால் வருடம் முழுக்க மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத ஆழத்தில்தான் வேலை செய்தார்கள்.

ஏன் இந்த வேடிக்கையான பெயர்?

நடந்து வருபவர் கடைசி நொடியில் பள்ளத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு “ஆ!” என்பார். பெயர் அதிலிருந்துதான் வந்தது என்பது பழைய விளக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் தெசாலியே தர்ஷான்வீல் 1709இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலில் இந்த அமைப்பை விவரித்து, பெயருக்கும் இதே காரணத்தைச் சொன்னார். அந்த நூலை ஜான் ஜேம்ஸ் என்பவர் 1712இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கிலாந்தில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன். பக்கிங்ஹாம்ஷியரில் உள்ள ஸ்டோவ் மாளிகையின் தோட்டத்தை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவமைத்தவர் அவர். ஹொரஸ் வால்போல் என்ற எழுத்தாளர் பின்னாளில் தோட்டக்கலை பற்றி எழுதிய கட்டுரையில், இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பையே புரட்டிப் போட்ட முதல் அடி இந்தப் பள்ளச் சுவர்தான் என்று வாதிட்டார். அவர் பிரிட்ஜ்மனையே இதைக் கண்டுபிடித்தவராகக் கருதினார். ஆனால் பிரிட்ஜ்மனுக்கு முன்பே, 1690களில் கியோம் போமோன் என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்த லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் ஒரு ஹா-ஹா உண்டு. இங்கிலாந்தின் மிகப் பழைய ஹா-ஹாக்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

லண்டனின் வுல்விச் பகுதியில் ஒரு சாலைக்கே ‘ஹா-ஹா ரோடு’ என்று பெயர். அங்கே பீரங்கிப் படையின் பயிற்சித் திடலுக்குள் ஆடு மாடுகள் வழிதவறி வந்துவிடாமல் இருக்க 1774இல் ஒரு ஹா-ஹா அமைத்தார்கள். இன்று அது சட்டப் பாதுகாப்பு பெற்ற கட்டுமானம்.

வேலியே போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து மாளிகைக்காரர்களுக்குக் காட்சி முக்கியம்.

17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் பெரிய தோட்டங்கள் கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தன. கட்டம் கட்டமாகப் பாத்தி, நேர்க்கோட்டில் மரம், சுற்றிலும் மதில். 18ஆம் நூற்றாண்டில் ரசனை மாறியது. இயற்கை இயற்கையாகவே இருக்க வேண்டும், மாளிகையும் வயலும் காடும் ஒரே ஓவியம்போலத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த ஓவியத்தின் நடுவில் வேலி வந்தால் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் எல்லையே வேண்டாம் என்று விடலாமா? அதுவும் முடியாது. புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்றது 1830இல்தான். அதுவரை இத்தனை ஏக்கர் புல்லையும் ஒன்று ஆட்கள் அரிவாளால் அறுக்க வேண்டும், இல்லை ஆடுகள் மேய வேண்டும். ஆடுகள் சம்பளம் கேட்காத புல்வெட்டும் ஆட்கள். தூரத்தில் நின்றால் படத்துக்கும் அழகு. வாசலுக்கு வந்து சாணி போட்டால்தான் பிரச்சினை.

ஆடும் வேண்டும், ஆடு கிட்டே வரவும் கூடாது, அதைத் தடுப்பது கண்ணுக்குத் தெரியவும் கூடாது. இந்த மூன்று ஆசைக்கும் கிடைத்த ஒரே பதில் ஹா-ஹா. ‘கேப்பபிலிட்டி’ என்ற பட்டப்பெயரோடு பிரபலமான லான்ஸலட் பிரவுன் (1716–1783) மாதிரியான வடிவமைப்பாளர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

மறைத்தது ஆடுகளை மட்டும்தானா?

இங்கேதான் கதை கொஞ்சம் கனமாகிறது.

அதே காலகட்டத்தில் இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. ஊர் மக்கள் பொதுவாக மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்படுத்திய நிலங்கள், சட்டத்தின் துணையோடு தனியார் சொத்தாக மாற்றப்பட்டன. 1604 முதல் 1914 வரை இதற்காக 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நிலம் இதில் அடங்கும்.

அதாவது, நாட்டில் வேலிகள் பெருகிக்கொண்டே போன காலத்தில், அந்த வேலிகளின் சொந்தக்காரர்கள் தங்கள் ஜன்னலிலிருந்து மட்டும் வேலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சில இடங்களில் மறைந்தது வேலியோடு நிற்கவில்லை. டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு தன் மாளிகைக்கு அருகில் இருந்த ஒரு சந்தை ஊரையே 1770களிலும் 1780களிலும் இடித்துத் தள்ளினார். ஊர் அவருடைய காட்சியைக் கெடுத்ததாம். மக்களில் ஒரு பகுதியினருக்குச் சற்றுத் தள்ளி, மாளிகையிலிருந்து தெரியாத ஒரு பள்ளத்தாக்கில், வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மில்டன் அபாஸ் என்ற அந்தக் கிராமம் இன்று அழகான சுற்றுலாத் தலம். மாளிகைக்கு நிலக்காட்சி அமைத்தவர் அதே ‘கேப்பபிலிட்டி’ பிரவுன்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? எல்லாருக்கும் ஒரே வழியில் வரவில்லை. ஆனால் கணிசமான பேருக்குக் கடல் கடந்து வந்தது. யார்க்‌ஷியரின் ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய லாஸல்ஸ் குடும்பத்தின் செல்வம், கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வணிகத்திலும் சேர்ந்தது. பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்கு காலனியத்தோடும் அடிமைமுறையோடும் தொடர்பு இருப்பதாக 2020இல் வெளியிட்ட அறிக்கையில் பட்டியலிட்டது.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) தெரிந்திருக்கும். அதில் ஒரு முக்கியமான காட்சி, பூட்டிய இரும்புக் கதவும் ஹா-ஹாவும் உள்ள ஒரு தோட்டத்தில் நடக்கிறது. அதே கதையில் குடும்பத் தலைவர் சர் தாமஸ், கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் உள்ள தன் எஸ்டேட்டைக் கவனிக்கக் கப்பல் ஏறிப் போகிறார். ஒரே நாவலில் இரண்டு வகை எஸ்டேட். ஒன்றில் குடும்பம் உலாவுகிறது, இன்னொன்று அந்த உலாவுக்குச் செலவு தருகிறது.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலும் ஹா-ஹா சுவர்கள் உண்டு. அவர் இறந்த 1799ஆம் ஆண்டில் அந்தப் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

அதே பள்ளம், வேறு ஆட்கள்

ஹா-ஹா மாளிகையோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சில மனநலக் காப்பகங்களில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். 1867இல் தொடங்கிய பீச்வொர்த், 1871இல் தொடங்கிய கியூ ஆகியவை அவற்றில் அடங்கும்.

அங்கே பள்ளம் சுவருக்கு உட்பக்கம். உள்ளே இருக்கும் நோயாளி பள்ளத்துக்குள் இறங்கினால் எதிரே தாண்ட முடியாத உயரத்தில் சுவர் நிற்கும். வெளியே சாலையில் போகிறவருக்கு அதே சுவர் குட்டையாக, சாதாரணத் தோட்டச் சுவர் மாதிரி தெரியும். “பரவாயில்லையே, சிறை மாதிரி இல்லையே” என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உள்ளே இருந்தவர் அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை.

மிருகக்காட்சிசாலையிலும் இதைப் பார்க்கலாம். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி வைத்து விலங்குகளைக் காட்டும் முறையை கார்ல் ஹாகன்பெக் 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே தொடங்கினார். சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையில் “நமக்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையே” என்று பயந்து பின்வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். நடுவில் பள்ளம் இருக்கிறது, செடிகள் அதை மறைக்கின்றன. பயப்பட வேண்டாம் என்று சிங்கத்துக்கு முன்பே தெரியும்.

தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோயம்புத்தூர் பக்கம், காட்டோரக் கிராமங்களில் வனத்துறை வெட்டும் யானைத் தடுப்பு அகழியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். யானையால் குதிக்க முடியாது. அதனால் அகலமும் ஆழமும் போதுமான ஒரு பள்ளம் அதை நிறுத்திவிடும். ஆனால் மழையில் கரை சரியும், யானையே கரையை மிதித்து மண்ணைத் தள்ளி வழி செய்துகொள்ளும். சுவர் கட்டாத பள்ளத்துக்கு ஆயுள் குறைவு.

2001 தாக்குதல்களுக்குப் பிறகு வாஷிங்டன் நினைவுத் தூணைச் சுற்றி வெடிகுண்டு வாகனம் நெருங்காதபடி பாதுகாப்பு தேவைப்பட்டது. கான்கிரீட் தடுப்புகளை வரிசையாக வைத்து அழகைக் கெடுக்காமல், புல்மேட்டுக்குள் ஒளிந்த வளைவான குட்டைச் சுவர்களை அமைத்து 2005இல் முடித்தார்கள். வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட முன்மாதிரி ஹா-ஹா.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் வேலூர்க் கோட்டைக்கும்கூட அகழி உண்டு. ஆனால் கோட்டை அகழி எதிரியைப் பார்த்து “வராதே” என்று சத்தமாகச் சொல்கிறது. ஹா-ஹா அதே சொல்லை மெதுவாக, வெளியே இருப்பவனின் காதில் மட்டும் சொல்கிறது.

தோட்டம் என்றால் எந்தத் தோட்டம்?

ஆங்கிலத்தில் எஸ்டேட் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. அங்கே மாளிகையும் பூங்காவும் சேர்ந்த நிலம். இங்கே ரப்பரும் செம்பனையும் நட்ட நிலம். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் அழகாக இருக்கிறது. பூச்செடி வைத்தாலும் தோட்டம், பால்மரம் வைத்தாலும் தோட்டம். “எந்தத் தோட்டம்?” என்று ஒரு மலேசியத் தமிழர் கேட்டால் அவர் பூக்களைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் குடும்பம் எந்த எஸ்டேட்டில் இருந்து வந்தது என்று கேட்கிறார்.

இங்கிலாந்து மாளிகையை இங்கேயே கட்டப் பார்த்தவர்களும் உண்டு. பேராக் மாநிலம் பத்து காஜாவில் உள்ள கெல்லிஸ் காசல் அதற்குச் சாட்சி. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அதைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். விஷக்காய்ச்சலில் பலர் இறந்தபோது, தொழிலாளர்களின் வேண்டுகோளுக்காக அருகில் ஒரு கோயில் எழுப்பப்பட்டது. ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாதியில் நின்றது. இன்று மாளிகையைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்கும் போகிறார்கள்?

மற்றபடி மலாயாத் தோட்டங்களில் ஹா-ஹாவுக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. அந்த வேலையை மேடே செய்தது. துரை பங்களா பெரும்பாலும் குன்றின் மேல். கிராணிமார் வீடுகள் அதற்குக் கீழே. தொழிலாளர் லயம் இன்னும் கீழே, தொழிற்சாலைக்கோ ஆற்றுக்கோ பக்கத்தில். பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று மர உச்சிகள். லயத்து வாசலிலிருந்து பார்த்தால் மேலே பங்களா. நமது படிக்கட்டுச் சோதனையை இங்கேயும் செய்து பார்க்கலாம்.

எல்லை என்று யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை. ஆனாலும் எந்தப் பாதையில் நடக்கலாம், எங்கே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், யார் வீட்டுப் பின்வாசலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் லயத்துப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். பங்களாவில் இருந்தவர்களுக்கு அப்படி ஓர் எல்லை இருப்பதே ஞாபகத்தில் இருந்திருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்ளும் அவசியம் அவர்களுக்கு இல்லை.

மானுடவியலாளர் ரவீந்திர ஜெயின் 1960களில் மலாயாவின் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1970இல் வெளிவந்த அவருடைய நூல், தோட்டத்தைத் தனக்குள் மூடிக்கொண்ட ஒரு முழு உலகமாகப் பார்க்கிறது. வேலை, வீடு, கடை, கோயில், பள்ளி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் நிழலில். மதில் இல்லாமலேயே ஒரு மதில்.

இப்போது என்ன மிச்சம்?

இங்கிலாந்தில் ஹா-ஹாக்களைக் கவனமாகப் பாதுகாக்கிறார்கள். பல சுவர்கள் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. சரிந்த இடத்தில் பழைய முறைப்படியே சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டுகிறார்கள், தூர்ந்த பள்ளத்தைத் திரும்பத் தோண்டுகிறார்கள். அண்மைக் காலமாக மாளிகைகளின் வழிகாட்டிப் பலகைகளில் பணம் எங்கிருந்து வந்தது என்ற தகவலும் சேர ஆரம்பித்திருக்கிறது. அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. “அழகான இடத்துக்கு வந்தால் அரசியல் பேசணுமா?” என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு.

நம் பக்கம் பாதுகாக்க வேண்டியவை வேகமாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தன. பெரிய உதாரணம் புத்ராஜெயா. 1990களின் நடுவில் ஏரியும் பூங்காவுமாகத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய அந்தத் தலைநகர், பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. இன்று ஏரிக்கரையில் படம் எடுப்பவர்கள் கேமராவில் மரங்களும் பாலங்களும் விழும். பால் வாளியும் பெரட்டுக் களமும் விழாது.

இதை மில்டன் அபாஸோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஒன்று ஒரு பிரபுவின் ஆசை, இன்னொன்று ஒரு நாட்டின் நிர்வாகத் தலைநகர். ஆனால் இரண்டு இடத்திலும் அழகான காட்சியைப் பார்க்கும்போது ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இங்கே முன்பு யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?

லயங்களுக்குப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கைப்பேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். பங்களா எந்தப் பக்கம் இருந்தது? லயம் எங்கே? கோயில் எங்கே? எந்த இடத்துக்கு மேலே நீங்கள் போகக் கூடாது? அவர்கள் சொல்வதை வைத்து ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். நிலம் அளந்தவர்களின் வரைபடத்தில் தோட்டத்தின் வெளி எல்லை இருக்கும். கடைசிக் கேள்விக்கான கோடு தாத்தா பாட்டியின் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

ரந்தாவ் சாலையில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போது இதையும் யோசியுங்கள். காரின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அது அனேகமாகக் கண்ணில் படாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, விளிம்பு வரை நடந்து போனால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும். கவனமாகப் போங்கள். ஹா-ஹாவுக்கு அந்தப் பெயர் வந்ததே விளிம்பைக் கடைசி நொடியில் பார்த்தவர்களால்தான்.